சாவிப் பலகையும் ஒரு வாணலி முந்திரியும்

2023 ஏப்ரல் 23, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். வாரம் முழுக்க மஞ்சக்குப்பம் அலுவலகத்துக்குக் கட்டிப்போக வேண்டிய சேலைகளை இஸ்திரி போட்டுக் கிழமை வரிசையில் அடுக்கினேன். பிறகு அன்றைய வேலையாக டைரியில் ஒரு வரி எழுதினேன்: "முந்திரி சுட்டு உரித்தல்." வீட்டைக் கொளுத்துதல் என்று எழுதவில்லை. அது திட்டத்தில் இல்லை.

சிதம்பரத்தில் எங்கள் வீடு முதல் மாடியில். நான், என் கணவர், முழங்கால் வலியோடு மெல்ல நடக்கும் என் மாமனார், மூன்றே பேர். வாசலில் இரும்பு கிரில் கேட். அதைப் பகலிலும் பூட்டித்தான் வைப்பேன். (இங்கே திருட என்ன இருக்கிறது என்று கணவர் கேட்பார். அது வேறு விஷயம்.) கடையில் இருந்ததிலேயே பெரிய பூட்டு. சாவிகளுக்கென்று ஒரு பலகை செய்து, கொக்கிக்குக் கொக்கி பெயர்ச்சீட்டு ஒட்டி, சமையலறையில் அடுப்புக்கு மேலே மாட்டியிருந்தேன். திருடன் சாவியைத் தேடி அடுப்படிக்கு வரமாட்டான் என்பது என் கணக்கு. மாற்றுச்சாவியை வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது என்பது என் சட்டம்.

காடாம்புலியூரிலிருந்து என் தம்பி ஒரு பை நிறைய உரிக்காத முந்திரிக்கொட்டை கொடுத்தனுப்பியிருந்தான். போனிலும் சொன்னான்.

"அக்கா, மொட்டை மாடில கல்லு கூட்டி சுடு. வீட்டுக்குள்ள வேணாம், புகை ஜாஸ்தி வரும்."

"மாடிக்கு இப்பதான்டா வெள்ளை பெயிண்ட் அடிச்சிருக்கு. கரி புடிச்சிடும்."

முந்திரிக்காட்டில் பிறந்து வளர்ந்த எனக்கே இவன் சொல்லித் தருகிறானா என்றிருந்தது. முந்திரி ஓட்டுக்குள் ஓர் எண்ணெய் உண்டு. சூடேறினால் கசியும், கசிந்தால் குப்பென்று பற்றும். காட்டில் சுடும்போது அது பற்றிக்கொள்ள வேண்டும் என்பதுதான் வேலையே. ஆனால் காட்டுக்குக் கூரை கிடையாது, சுவரில் காலண்டர் கிடையாது. இந்த வித்தியாசம் அன்று எனக்குத் தோன்றவில்லை.

எதிர்வீட்டுக் கொடியில் துணி காய்ந்தது. அவர்களுக்குப் புகை போகக் கூடாதே என்று ஜன்னல்களைச் சாத்தினேன். (நல்ல மனசு.) எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு வாணலியை ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் சீறல், கறுப்புப் புகை, பிறகு என் உயரத்துக்குத் தீ.

முந்தின வாரம்தான் அலுவலகத்தில் தீப் பாதுகாப்பு பற்றிப் பேசியிருந்தேன். எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், அடுப்பை அணைத்துவிட்டு வாணலியை மூடியால் மூடுங்கள் என்று சொல்லிக் கைதட்டு வாங்கியிருந்தேன். அந்தப் பேச்சை என் கை கேட்டிருக்கவில்லை. சொம்புத் தண்ணீரை அப்படியே வாணலியில் ஊற்றியது.

தீ எக்ஸாஸ்ட் ஃபேனுக்குத் தாவியது. அங்கிருந்து காலண்டருக்கு. ஓடிவந்த கணவர் என்னை வெளியே இழுத்துப்போட்டு, சமையலறைக் கதவைச் சாத்தினார்.

"கேட் சாவி எங்க?"

"உள்ள."

"உள்ளன்னா?"

"அடுப்புக்கு மேல."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை டைரியில் எழுதவில்லை.

அம்மிக்குழவியால் பூட்டை ஓங்கி அடித்தார். நான் பார்த்துப் பார்த்து வாங்கிய பூட்டு, அசையவில்லை. கதவின் அடியிலிருந்து புகை ஹாலுக்குள் வர ஆரம்பித்தது. உள்ளே சிலிண்டர் இருக்கிறது என்று நினைத்ததும் மாமனார் அறைக்கு ஓடினேன்.

"மாமா, எழுந்திருங்க! தீ புடிச்சிருக்கு!"

"பனியனோட தெருவுல நிக்கறதா? அந்த வெள்ளைச் சட்டைய எடும்மா."

"சட்டை வேணாம் மாமா!"

"ஏன், இஸ்திரி போடலியா?"

"அப்பா, குனிஞ்சு வாங்க! கீழதான் புகை கம்மி!" என்று அவரைத் தாங்கி கேட் பக்கம் நகர்த்திய கணவர், எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினார். "பாத்திமாக்கா! சாவி! சாவி எடுத்தாங்க!"

எதிர் பால்கனியில் பாத்திமா அக்கா எட்டிப் பார்த்தார்கள். "எந்தச் சாவிங்க? பொங்கலுக்குக் குடுத்ததா, போன மாசம் குடுத்ததா?"

"எதுவா இருந்தாலும் எடுத்தாங்க!"

என் சட்டம் எத்தனை முறை மீறப்பட்டிருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு மனைவியாகக் கோபப்பட வேண்டிய இடம். நான் கிரில்லைப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் வாங்கக்கா, சீக்கிரம்" என்று அழுதேன்.

அக்கா மாடியேறி வந்து திறந்தார்கள். தீயணைப்புக்கும் போன் போட்டிருந்தார்கள். மாமனாரை நடுவில் பிடித்துக்கொண்டு தெருவுக்கு இறங்கினோம். மூன்று பேர், முழுசாக. ஒருமுறைக்கு இருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

வண்டி வந்தது. சிலிண்டரை மூடித் தீயை அணைத்தார்கள். சமையலறை கரிக்கட்டை, சாத்தியிருந்த கதவால் மற்ற அறைகள் தப்பின. வெளியே வந்த தீயணைப்பு வீரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"என்னம்மா சமைச்சீங்க?"

"முந்திரி."

"பாயசத்துக்கா?"

தலையாட்டினேன். போகும்போது சொன்னார்: "சாவியெல்லாம் நல்லா வரிசையா மாட்டியிருக்கீங்கம்மா."

சாயங்காலம் வந்த தம்பி கறுத்த சுவரை நெடுநேரம் பார்த்தான். "ஊர்ல நாங்க கொட்டையத்தான்க்கா சுடுவோம்" என்றான். அதற்கப்புறம் உரித்த பருப்புதான் அனுப்புகிறான். உறவில் எந்தக் கல்யாணத்தில் பாயசம் பரிமாறினாலும், பந்தியில் யாராவது ஒருவர் என் பக்கம் திரும்பி, "மண்டபத்துச் சாவி எங்க இருக்குன்னு பாத்துக்கிட்டியாம்மா?" என்று கேட்காமல் கரண்டி அடுத்த இலைக்குப் போகாது. மாமனார் மட்டும் கேட்பதில்லை. அன்றிலிருந்து அவர் வீட்டுக்குள்ளும் சட்டை போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்.

மறுநாள் திங்கள் காலை பால் காய்ச்சவில்லை. காய்ச்ச அடுப்பு இல்லை. முதல் வேலையாக, வாசல் கதவுக்கு உள்பக்கம், கேட்டுக்கு வெளியிலிருந்து கை எட்டாத இடத்தில் ஓர் ஆணி அடித்து, ஒரே ஒரு சாவியை மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு அதை எடுத்துக் கேட்டைத் திறந்து பார்த்தேன். திறந்தது. மாமனாரையும் திறக்கச் சொன்னேன். திறந்தார். பிறகு இன்னொரு சாவியை எடுத்துக்கொண்டு நானே எதிர்வீட்டுக்குப் போனேன்.

"இது மூணாவதாச்சேம்மா?" என்றார்கள் பாத்திமா அக்கா.

"இருக்கட்டும்க்கா" என்றேன். அதில் பெயர்ச்சீட்டு ஒட்டவில்லை.