உடைய வேண்டிய ஜெல்லி

இருநூறு கிராம் தொங்கவிட்டால் ஜெல்லிப் பட்டை கிழிந்துவிடும் என்றது பர்ஹாங்கின் கணக்கு. பட்டையோ இருநூற்றைம்பது வரை தாங்கிக்கொண்டு, பிறகு போனால் போகிறதென்று கிழிந்தது.

"போச்சு" என்று தலையில் கை வைத்தான்.

வைக்காமல் என்ன செய்வான்? மெத்தென்ற பொருள்கள் எப்போது கிழியும் என்று சமன்பாடு எழுதியே டெஹ்ரானில் ஆறு வருஷத்தை ஓட்டியவன். செவ்வாய்க்கிழமை தேர்வாளர்கள் முன்னால் அதை நிரூபிக்க வேண்டும். தவறினால் மாணவன் என்ற சலுகை போய், தலையை மொட்டையடித்துக் கட்டாயப் பட்டாளத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஆய்வுக்கூடத்தில் தேநீர் போடுவதும் ஜெல்லி வார்ப்பதும் தூபா கானம், அதாவது தூபா அம்மாதான். கிழிந்த துண்டுகளைத் துடைத்தபடி, "இன்னிக்கும் உடைஞ்சுபோச்சா, எஞ்சினீயர் தம்பி?" என்றாள்.

"உடையுது கானம், ஆனா..." அதற்குமேல் அவளிடம் என்னத்தைச் சொல்ல?

சமன்பாட்டில் ஒரு துண்டைச் சேர்த்து இருநூற்றைம்பதுக்குக் கொண்டுவந்தான். மறுநாள் ஜெல்லி முந்நூறில் கிழிந்தது. இன்னொரு துண்டு சேர்த்தான். ஜெல்லி நானூறுக்குப் போய்விட்டது. சமன்பாடு அனுமார் வாலாக நீண்டது.

"போன வாரம் ஒரே வரியில இருந்துச்சேப்பா?" என்றார் வழிகாட்டி டாக்டர் வொசூகி.

"ஜெல்லி நாளுக்கொரு மாதிரி நடந்துக்குது, உஸ்தாத்."

"அது ஜெல்லிடா, மாமியாரா?"

பர்ஹாங்குக்குத் தன் படிப்பின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. பழைய கணக்கைத் தூக்கியெறிந்துவிட்டு, ஐந்நூறில் கிழியும் என்று புதிதாக எழுதிக்கொண்டு போய் நின்றான்.

செவ்வாய்க்கிழமை ஐந்நூறு ஏறியது. அறுநூறு ஏறியது. கிழிசல் தொடங்கட்டும் என்று பட்டையில் கத்தியால் போட்டுவைத்த கீறல்கூட வாய் திறக்கவில்லை. எடைக்கல்லெல்லாம் தீர்ந்துபோய், இஸ்ஃபஹானிலிருந்து வந்த தேர்வாளர் தன் சாவிக்கொத்தையும் மாட்டிப் பார்த்தார். ஜெல்லி லேசாக ஆடியது, அவ்வளவுதான்.

"உடையறதைப் பத்தின ஆராய்ச்சின்னு சொன்னாங்க?" என்றார் அவர்.

வொசூகி கூரையைப் பார்த்தார். பர்ஹாங்குக்கு ஒன்றுமே புரியவில்லை, அழுகைதான் வந்தது.

தேநீர்த் தட்டோடு வந்த தூபா கானம் முகமெல்லாம் பூரிப்பாக அவன் காதருகே குனிந்தாள்.

"பார்த்தீங்களா தம்பி, அசையலையே! விருந்தாளிங்க முன்னாடி ஜெல்லி உடைஞ்சா நம்ம மானம் என்னாகுறதுன்னுதான், நீங்க சொன்ன அளவுக்கு மேல தினம் ஒரு கரண்டி ஜெலட்டினைக் கூட்டிக்கிட்டே வந்தேன்."