கேள்வி கேட்கும் கடிகாரம்

"மணி என்னங்க ஆச்சு?" என்று மனைவி கேட்டு ஒரு நிமிஷம் ஆகியும் மேதை தன் மணிக்கட்டையே முறைத்துக்கொண்டிருந்தார்.

மேதை என்பது அவள் வைத்த பேர். பாராட்டி வைத்ததில்லை. டிஜிட்டல் கைக்கடிகாரங்களுக்கு முகப்பு வடிவமைப்பது அவர் உத்தியோகம். புது முகப்பில் கறுப்புத் திரையும், அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் மாதிரி பச்சை எழுத்தில் 'கட்டளை?' என்ற ஒரு வரியும்தான். தொட்டால் 'நேரம் காட்டு' என்று ஒவ்வோர் எழுத்தாகத் தட்டச்சாகும். அப்புறம் பெரிய மனசு பண்ணி மணியைச் சொல்லும்.

"மணி கேட்டா அது நம்மளைக் கேள்வி கேக்குது."

"இது அழகியல். உனக்குப் புரியாது."

"எனக்குப் புரிய வேண்டாம். இன்னைக்கு வாட்ச் வாங்க வர்ற ஆலை முதலாளிக்குப் புரியணுமே. அவருக்குப் பிடிக்கலேன்னா உங்களுக்கு வேலை இல்லைன்னு மேனேஜர் சொல்லிட்டாரில்ல?"

சுருக்கென்றது. ஆபீஸ் போனதும் எழுத்தின் வேகத்தைக் கூட்டினார். மணி மின்னி மறைந்தது, ஒருவர் கண்ணிலும் படவில்லை. அதைச் சரிக்கட்ட, 'நேரம் வேண்டுமா? ஆம் / இல்லை' என்று கேட்க வைத்தார். மேனேஜரின் கட்டைவிரல் 'இல்லை'யில் பட்டது. கடிகாரம் நன்றி சொல்லி அணைந்தது. அதற்குப் பரிகாரமாக 'உறுதியாகவா?' என்று இன்னொரு கேள்வி. பதில் சொல்லி முடிப்பதற்குள் நிமிஷம் மாறிவிட, 'நேரம் காலாவதி. மீண்டும் முயல்க' என்றது.

"ஏன்யா, சும்மா நாலு எண்ணைப் போட்டா நீ குறைஞ்சா போயிடுவே?" என்றார் மேனேஜர்.

"நாலு எண்ணை எவன் வேணாலும் போடுவான் சார்."

ஆலை முதலாளி வந்தார். மூன்று தடவை தொட்டார். மூன்று தடவையும் காலாவதி.

"இதுல மணி பாக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"பழகிட்டா ரெண்டு நிமிஷம் சார்," என்றார் மேதை.

"பழகலேன்னா?"

"பாக்கவே முடியாது சார்," என்றார் மேனேஜர், தலையில் கைவைத்துக்கொண்டு.

முதலாளி முகம் மலர்ந்தது. "மூவாயிரம் அனுப்புங்க. என் தொழிலாளிங்க எல்லாருக்கும் பரிசு."

மேதைக்குத் தலைகால் புரியவில்லை. உடனே மனைவிக்குப் போன் போட்டார். "கேட்டியா, ரசனை உள்ள மனுஷன் ஒருத்தர் கண்டுக்கிட்டார். உனக்குத்தான் அழகியல் புரியலே."

மாதிரிக் கடிகாரத்தை எடுத்துப் போக வந்த முதலாளியின் டிரைவர் அதைப் பெட்டியில் வைத்தபடியே சொன்னார்: "நல்ல வேலை பண்ணினீங்க சார், ஆலைக்குள்ள போன் கொண்டுபோகக் கூடாது, சுவர்க்கடிகாரத்தையும் கழட்டியாச்சு, வேலை முடியற நேரம் யாருக்கும் தெரியாம இருக்க இப்படி ஒரு வாட்சைத்தான் ஒரு வருஷமா தேடிட்டிருந்தார்."