மீன் எண்ணெய் அனுப்பிய தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமா இல்லையா என்பது எனக்கே குழப்பமாக இருப்பதால், நடந்ததை எழுதுகிறேன், நீயே முடிவு செய்துகொள்.

போன மாதம் நெஞ்சில் அடைப்பு என்று ரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்தார்கள் அல்லவா, அன்றே டாக்டரிடம், "முப்பத்தஞ்சு வருஷம் குழாய் வேலை பாத்தவன் நான். வெண்ணெய் உறைஞ்சு அடைச்சா வெந்நீர் ஊத்துவோம், இதுக்கும் அதானே?" என்று கேட்டேன். அவர் பேனாவை மூடினார். "அப்படி இல்லைங்க. வெண்ணெய், கொழுப்புக் கறின்னு நிறையச் சாப்பிட்டா ரத்தத்துல கெட்ட கொழுப்பு கூடும். அது குழாய்ச் சுவருக்குள்ள படியும். ஒருநாள் அந்த இடம் வெடிச்சா, ஏதோ காயம்னு நெனச்சு ரத்தம் அங்கேயே உறைஞ்சுடும்" என்றார். என் அனுபவத்தில் தண்ணீர் எதையும் நினைத்ததில்லை. தலை சுற்றியது.

ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரையும், வெண்ணெய்க்குப் பதில் அளவாக எண்ணெய், மீன் என்று ஒரு தாளும் கொடுத்தார்கள். உன் அண்ணி பாதித் தாளோடு படிப்பதை நிறுத்திவிட்டு எண்ணெய்ச் சட்டியையே பரணில் ஏற்றிவிட்டாள். ஒரு வாரம் வெந்த காயும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் நீ அனுப்பிய மீன் எண்ணெய் மாத்திரைக் குப்பி வந்தது. ரத்தம் இளகுமாம். இளகுவது நல்லதென்றால் நன்றாகவே இளகட்டுமே என்று ஒன்றுக்கு ஆறாக விழுங்கினேன். பத்தாம் நாள் சவரம் செய்யும்போது தாடையில் ஒரு கீறல். சின்னக் கீறல்தான்டா, ஆனால் வாஷர் போன குழாய் மாதிரி நிற்கவே மாட்டேன் என்கிறது. இரண்டு துண்டு நனைந்தது. "ஐயோ, யாருங்க உங்களை வெட்டுனது?" என்று உன் அண்ணி அலற, பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஊசி நூலோடு ஓடிவந்தார்.

"ஏற்கெனவே ரெண்டு மாத்திரை குடுத்திருக்கேன், அதுக்கு மேல நீங்களா ஆறா? இதை முதல்ல நிறுத்துங்க!" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கத்தினார். "இதை" என்றபோது அவர் கை எதைக் காட்டியதோ தெரியவில்லை, என் முகத்தில் துண்டு கட்டியிருந்தது. வம்பெதற்கு என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். நான்காம் நாள் மாடிப்படி ஏறும்போது நெஞ்சைப் பிடித்தது. உன் அண்ணி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "என்னங்க, அப்படியே இருக்கு?" என்றாள். இந்தத் தடவை டாக்டர் கத்தவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. சோதித்துவிட்டு, "மாத்திரையை விட்டா ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறையும். உறையாம வந்து சேந்தது உங்க அதிர்ஷ்டம்" என்றார். வெளியே வந்தால் உன் அண்ணி பெஞ்சில் உட்கார்ந்து அழுகிறாள். ஸ்டென்ட் வைத்த அன்றுகூட அவள் அழவில்லை.

இப்போது மாத்திரை அவள் கையால், மீன் தட்டில், எண்ணெய்ச் சட்டி மறுபடி அடுப்பில். ஆகையால் தம்பி, அரைகுறை யோசனையோடு இனி எதையும் அனுப்பாதே. அண்ணனைக் கொல்லப் பார்த்தாய் என்று நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. உன் குடும்பம் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அண்ணன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது உன் அண்ணி எட்டிப் பார்த்துவிட்டாள். குப்பியை அனுப்பியது நீ இல்லையாம், அவளுடைய அண்ணனாம். நீ எதுவுமே அனுப்பவில்லையாம். இன்னொரு முறை எழுத எனக்குத் தெம்பில்லை. மேலே "தம்பி" என்று வருமிடமெல்லாம் "மச்சான்" என்று திருத்தி, நீயே அவருக்கு அனுப்பிவிடு. அது சரி, அண்ணனுக்கு நெஞ்சுவலி என்று தெரிந்தும் நீ ஏன்டா எதுவுமே அனுப்பவில்லை?