மோட்டுவாய்ப் புருவ உடன்படிக்கை

பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் சூரியன் மறையாததற்குக் காரணம் கடற்படை என்பார்கள், பீரங்கி என்பார்கள். எல்லாம் கட்டுக்கதை. உண்மைக் காரணம், மேதகு அகஸ்டஸ் ப்ளென்கின்சாப் துரையின் முகம். முப்பது ஆண்டு ராஜதந்திர சேவையில் அந்த முகத்தில் ஒரு தசைகூட மேலிடத்து உத்தரவின்றி அசைந்ததில்லை. சூரியனே ஆனாலும் அவர் முன்னால் மறைவதற்குக் கொஞ்சம் தயங்கத்தான் செய்யும்.

அவருடைய உத்தியோக வரலாறு பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கது. முதலில் வேலை பார்த்த நாட்டில், அவர் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஜன்னலுக்கு வெளியே ஜனங்கள் அரசனைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். துரை முட்டையை முடித்துவிட்டு லண்டனுக்கு எழுதினார்: 'இங்குள்ள மக்கள் தேகப்பயிற்சியில் ஆர்வம் காட்டுகிறார்கள்.' அடுத்த நாட்டில் நிலநடுக்கம் வந்து தூதரகக் கூரை அவர் மேஜைமேல் விழுந்தது. 'காற்றோட்டம் மேம்பட்டுள்ளது' என்று எழுதினார். இந்த நிதானத்தை மெச்சிய மேலிடம் அவரை உயர்த்தி உயர்த்தி, கடைசியில் பசிபிக் கடலில் லோமாலே தீவுக்குக் கான்சலாக அனுப்பியது. அதற்கப்பால் அனுப்ப வரைபடத்தில் காகிதம் இல்லை.

துரைக்கு ஒரே ஒரு ஏக்கம். பெயருக்கு முன்னால் 'சர்' இல்லை. கூடப் படித்த மண்டூகங்களெல்லாம் 'சர்' ஆகிவிட்டன. ஒற்றைக் கண்ணாடியை வலது கண்ணில் செருகிக்கொண்டு, தினமும் கண்ணாடி முன் நின்று "சர் அகஸ்டஸ்" என்று மெல்லச் சொல்லிப் பார்ப்பார். அப்போதும் முகம் அசையாது. ஆனால் மனுஷனுக்கு உள்ளே எரியும், பாவம்.

லோமாலேக்காரர்கள் 'ஆமாம்' என்று சொல்ல வாயைச் செலவழிப்பதில்லை. புருவத்தைத் தூக்கினால் ஆமாம். வந்த மறுநாளே துரை இதைக் கவனித்துக் குறித்துக்கொண்டார். அவருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் தீவுத் தலைவர் ஹவேலுவின் தங்கை அகனேசி. பாதிரிமார் பள்ளியில் ஆங்கிலம் படித்தவள். தபால் மூட்டையைப் பிரித்துக் கொடுப்பதும் அவள் வேலைதான்.

இப்படி இருக்கையில் ஒரு போர்க்கப்பல் கேப்டன் வந்தார். கப்பலுக்கு நிலக்கரி கொட்டி வைக்க இடம் வேண்டும் என்றார். எதிரே மோட்டுவாய் என்ற குட்டித் தீவு இருந்தது. லோமாலே மொழியில் 'வாய்' என்றால் தண்ணீர். மழை பொய்த்தால் ஊருக்கே குடிதண்ணீர் தரும் ஊற்று அங்கேதான் இருந்தது. "அந்தத் தீவை வாங்கித் தாருங்கள். உங்கள் பெயருக்கு முன்னால் ஏதாவது சேர்க்கச் சொல்கிறேன்" என்றார் கேப்டன். துரையின் முகம் அசையவில்லை. காது மட்டும் சிவந்தது.

தலைவர் வீட்டில் சபை கூடி விருந்து. துரை எழுந்து ஆங்கிலத்தில் முக்கால் மணி நேரம் உரையாற்றி, "மோட்டுவாயை மகாராணியாருக்கு மனமுவந்து அளிக்கச் சம்மதமா?" என்று முடித்தார். அகனேசி அதை மொழிபெயர்க்க ஆரம்பிப்பதற்குள், தலைவரின் மனைவி பீசிலா புருஷன் காதில், "இன்னும் ரெண்டு கிழங்கு வைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

ஹவேலு புருவத்தைத் தூக்கினார். கிழங்கு வந்தது. தீவு போயிற்று.

மறுநாளே உடன்படிக்கை தயார். ஷரத்து ஒன்று: சபையில் தூக்கப்பட்ட புருவம் கையெழுத்துக்குச் சமம். ஷரத்து இரண்டு: புருவம் எக்காரணத்துக்காகத் தூக்கப்பட்டது என்பது விசாரணைக்கு உரியதன்று. ஷரத்து மூன்று: மேற்கண்டவை இரு தரப்பாருக்கும் சமமாகப் பொருந்தும். மூன்றாவது வெறும் அழகுக்குச் சேர்த்தது. அது இல்லாவிட்டால் உடன்படிக்கை மொட்டையாகத் தெரியும் என்பது துரையின் கருத்து.

"அட, என்ன கொடுமை இது! நான் கிழங்குக்குல்ல தூக்குனேன்!" என்று ஹவேலு கத்தினார்.

அகனேசி அதைச் சொன்னாள். துரை கனிவோடு, "ஷரத்து இரண்டைப் படிக்கவும்" என்றார்.

ஊற்றைச் சுற்றிக் கரி குவிந்தது. கரிக்கு வேலி, வேலிக்குத் துப்பாக்கிக்காரன். அவ்வருஷம் பார்த்து மழையும் பொய்த்தது. ஊர்க் கிணறுகள் உப்புக் கரித்தன. சுரைக்குடுவைகளோடு படகில் போன பெண்களைத் துப்பாக்கிக்காரன் திருப்பி அனுப்பினான். துரை குளிப்பதற்கு மட்டும் ஊற்றுநீர் நாள் தவறாமல் வந்தது. 'தீவினர் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தக் கற்றுவருகிறார்கள்' என்று லண்டனுக்கு எழுதினார்.

அகனேசி உடன்படிக்கையை நாலு தடவை படித்தாள். பிறகு அண்ணனிடம் போனாள்.

"அண்ணே, இதுல 'இரு தரப்பாருக்கும்'னு போட்டிருக்கு. அந்த ஆளு புருவத்தயும் ஒரு தடவ தூக்க வச்சிட்டா போதும்."

"அது புருவமா? ஆணியடிச்சு வச்சிருக்கான் தாயி."

முயன்று பார்த்தார்கள். சபை கூட்டி, மல்யுத்தக்காரன் ஒருவனைத் துரையின் மடியிலேயே விழவிட்டு, "மோட்டுவாயத் திருப்பித் தர்றீங்களா?" என்று கேட்டார்கள். "சுவாரசியமான வழக்கம்" என்றார் துரை. அடுத்த சபையில் அவர் கால்சட்டைக்குள் ஒரு நண்டு புகுந்தது. புகுந்த நண்டுதான் முகபாவம் மாறி வெளியே வந்தது. துரை அசையவில்லை. எவ்வளவு பெரிய மனிதர், பாருங்கள்!

பீசிலாவின் கைக்குழந்தைக்கு உப்புத்தண்ணீரால் வயிற்றுப்போக்குக் கண்டது. அகனேசிக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. அந்த நேரத்தில்தான் தபால் கப்பல் வந்தது. மூட்டையைப் பிரித்தவள் ஒரு கடித உறையை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு, "அண்ணே, சபையக் கூட்டு" என்றாள்.

ஊரே கூடியது. கேப்டனும் வந்திருந்தார். துரை வழக்கம்போல் கற்சிலையாக அமர்ந்திருந்தார்.

"தொரை, உங்களுக்கு ஒரு கடுதாசி. ஆனா பேரு தப்பாப் போட்டிருக்காங்க போல."

"என்ன போட்டிருக்கிறது?"

அகனேசி ஒவ்வொரு எழுத்தாக ரசித்துப் படித்தாள். "ச...ர்... அகஸ்டஸ் ப்ளென்கின்சாப்!" மூச்சுவிடாமல் தொடர்ந்தாள்: "மோட்டுவாயத் திருப்பித் தர்றீங்கதானே?"

முப்பது ஆண்டுகள் அடைத்து வைத்திருந்த இரண்டு புருவங்களும் ஒரே நேரத்தில் நெற்றி உச்சிக்குப் பாய்ந்தன. ஒற்றைக் கண்ணாடி கழன்று கவா பானக் கிண்ணத்தில் 'ப்ளக்' என்று விழுந்தது. சபை எழுந்து ஆர்ப்பரித்தது.

"இல்லை! இல்லை! நான் பட்டத்துக்காக அல்லவா தூக்கினேன்!" துரையின் குரல் கீச்சிட்டது.

"ஷரத்து ரெண்டப் படிங்க தொரை" என்றாள் அகனேசி.

துரை கேப்டனைப் பார்த்தார். உடன்படிக்கை செல்லும் என்றால் தீவு போயிற்று. செல்லாது என்றால் தீவு வந்ததே இல்லை. தீவு வராவிட்டால் 'சர்' எப்படி வந்தது? இதை யோசித்த கேப்டன், வாழ்க்கையில் முதன்முறையாகக் கப்பலுக்குக் கரி எண்ணப் போய்விட்டார்.

மாலைக்குள் வேலி பிரிக்கப்பட்டது. பெண்கள் குடுவை குடுவையாகத் தண்ணீர் மொண்டு வந்தார்கள். 'மகாராணியாரின் பெருங்கருணையால் தீவினருக்கு ஊற்று ஒன்று அன்பளிக்கப்பட்டது' என்று சர் அகஸ்டஸ் அறிக்கை எழுதினார். லண்டன் அதை மிகவும் பாராட்டியது.

ஊற்று திரும்பிய சந்தோஷத்தில் ஊர் விருந்து வைத்தது. துரையையும் கூப்பிட்டார்கள், அவர்கள் அப்படிப்பட்டவர்கள். பீசிலா தட்டோடு வந்து குனிந்து, "இன்னும் ரெண்டு கிழங்கு வைக்கட்டுமா, சர்?" என்று கேட்டாள். அகனேசி அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள்.

துரைக்கு நல்ல பசி. ஆனாலும் இரண்டு கைகளாலும் புருவங்களை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முப்பது ஆண்டு ராஜதந்திரத்தில் முதன்முறையாகச் சுற்றி வளைக்காமல் வாயைத் திறந்து, தெளிவாக, "வேண்டாம்" என்றார்.

அகனேசி அவரையே பார்த்தாள்.

"இத்தன சுலபமா தொரை? அன்னிக்கும் இப்படி எங்கண்ணன் வாயத் தொறக்கற வரைக்கும் காத்திருந்திருக்கலாமே. அவரும் இதே வார்த்தையத்தானே சொல்லியிருப்பாரு!"