பாட்டிலுக்கும் பணி மூப்பு உண்டு

சிவப்பு வைனுக்குப் பாட்டிலுக்குள்ளேயே வயதாகிறது. வயது ஏற ஏறச் சுவையும் ஏறுகிறது என்பார்கள். இவ்வளவு பெரிய பொறுப்பை வைன் கையில் விட்டுவிட முடியுமா? ஆகவே அரசாங்கம் 'முதிர்ச்சி ஆய்வு வாரியம்' ஒன்றை நிறுவியது. வாரியத்தின் முத்திரை இல்லாமல் பழைய வைனை விற்றால் கடைக்குப் பூட்டு.

'பட்டாசு' என்று ஊரே பெயர் வைத்திருந்த வைன் வியாபாரி, காலி பாட்டில் பொறுக்கி முன்னுக்கு வந்த ஆள். எட்டு வருஷமாக நிலவறையில் படுக்கப் போட்டிருந்த சரக்கு அவருக்கு இப்போதுதான் பதமாகியிருந்தது. இப்போது விற்காவிட்டால் புளித்துப்போகும். பாட்டிலோடு வாரியத்துக்குக் கிளம்பும்போதே மனைவி எச்சரித்தாள்: "தக்கையைத் திறங்க, போதும். வாயைத் திறந்துடாதீங்க."

வாரியத் தலைவர் ஒரு வாய் உறிஞ்சி, கொப்பளித்து, வாளியில் துப்பி, கண்ணை மூடினார்.

"பழைய செருப்பு."

பட்டாசுக்குத் திரி பற்றிக்கொண்டது. "யோவ்! யாரைப் பார்த்து செருப்புங்கிற?"

கடைநிலை ஊழியர் ஓடிவந்து சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். "பாராட்டுங்க அது! நல்லா முதிர்ந்த வைன்ல தோல் வாசம் அடிக்கும்."

வாரியத்தில் ஒரு மரபு உண்டு. தலைவர் மூக்குக்கு எட்டாத புது வாசம் கீழே உள்ளவர் மூக்குக்கு எட்டக் கூடாது. ஒன்றுமே எட்டாமலும் இருக்கக் கூடாது.

"செருப்பின் வார்," என்றார் துணைத் தலைவர்.

"வாரில் அடித்த ஆணி," என்றார் மூத்த உறுப்பினர்.

இளைய உறுப்பினருக்கு மிச்சம் எதுவுமில்லை. "ஆணி குத்திய கால்," என்றார்.

"அருமையான சரக்கு," என்று தலைவர் முடித்தார். "நிராகரிக்கப்படுகிறது."

"என்னது?"

"போன வருஷம் நிலவறையை மாத்தினீங்களா?"

"தண்ணி கசிஞ்சுது. பக்கத்து அறைக்கு மாத்தினேன்."

"இடம் மாறினா, புது இடத்துல சேர்ந்த தேதியிலேர்ந்துதான் பணி மூப்பு. எனக்கே அப்படித்தான் பண்ணினாங்க, பாட்டிலுக்கு மட்டும் சலுகையா? உங்க வைன் ஒரு வயசுக் கைக்குழந்தை. அஞ்சு வயசானதும் கூட்டிட்டு வாங்க."

"அதுக்குள்ள வினிகராயிடும்யா! அருமைன்னு இப்பத்தானே உன் நாக்கு சொல்லிச்சு?"

"நாக்கு சொல்றது சொந்தக் கருத்து. விதி சொல்றதுதான் சுவை."

"சரி, உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம். ரெண்டு வயசு?"

"வயசுல என்னய்யா பேரம்?"

விதிப்படி வயது நிறைந்தது. சரக்கும் விதிப்படி வினிகரானது. 'இப்ப என்ன சொல்றானுங்க பார்ப்போம்' என்று பட்டாசு மீசையை முறுக்கிக்கொண்டு பாட்டிலைக் கொண்டுபோய் வைத்தார்.

தலைவர் ஒரு வாய் உறிஞ்சினார். முகம் பிழிந்த துணியாயிற்று. கண்ணிரண்டும் ஊற்றின. கெட்டுவிட்டது என்று சொல்லலாம். கெடுத்தது யார் என்று மேலிடம் கேட்குமே! துப்ப வந்ததை விழுங்கினார்.

"உச்ச முதிர்ச்சி," என்றார் குரல் கம்ம. "கண் கலங்குகிறது."

"கன்னம் வரைக்கும்," என்றார் துணைத் தலைவர்.

"காலர் வரைக்கும்," என்றார் மூத்தவர்.

இளையவர் விக்கி விக்கி அழுதார். அதே வாரம் பதவி உயர்வு பெற்றார்.

சாக்கடையில் கொட்டவேண்டிய சரக்குக்குத் தங்க முத்திரை விழுந்தது. கடையில் கூட்டம் அலைமோதியது. பெரிய மனிதர்கள் ஒரு வாய் குடித்து, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்து, "அப்பப்பா, என்ன முதிர்ச்சி!" என்றார்கள். கண்ணீர் வராதவன் ரசனை கெட்டவன் என்று ஆயிற்று. பட்டாசு முதலில் உள்ளுக்குள் சிரித்தார். ஆனால் வாடிக்கையாளர் குடிக்கும்போது கடைக்காரர் சும்மா நிற்க முடியுமா? தினமும் கூடவே ஒரு வாய் குடித்தார். குடித்துக் குடித்து, சிரிப்பு எப்போது நின்றது என்று அவருக்கே தெரியாது.

ஒருநாள், சொந்தத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் மைத்துனன், மனைவியின் தம்பி, ஒரு பாட்டிலோடு வந்தான்.

"மாமா, பத்து வருஷம் அசைக்காம வெச்சது. பதம்னா இதுதான் பதம். குடிச்சுப் பாருங்க."

பட்டாசு உறிஞ்சினார். கொப்பளித்தார். விழுங்கிவிட்டுக் காத்திருந்தார். கண்ணோரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். காய்ந்து கிடந்தது.

கோப்பையை நங்கென்று வைத்தார்.

"பொண்ணு குடுத்த வீடாச்சேன்னு பார்க்கிறேன். ஒரு சொட்டுத் தண்ணி வரலை! மாமன்கிட்டயே மட்டமான சரக்கைத் தள்ளப் பார்க்கிறியேடா!"