ஆறு கோப்பை வாங்கிய பாவம்

அன்புத் தங்கை மீனம்மாளுக்கு,

ஊத்துப்பட்டியிலிருந்து அண்ணன் குழந்தைசாமி எழுதுவது. நானும் உன் அண்ணி அழகியும் சுகம். என் இடது முழங்கால் சுகமில்லை, அது கிடக்கட்டும். நீயும் மாப்பிள்ளை நிலவழகனும் பிரகதீஸ்வரிக் குட்டியும் ஒரு குறையுமின்றி இருக்க அம்மன் பார்த்துக்கொள்வாள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நான் பேசினால் மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், ஆத்தா. இது உனக்கு மட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை திருமயத்தில் நடந்த கால்பந்து இறுதிப்போட்டியைப் பற்றி உன் வீட்டுக்காரர் பாதி சொல்லியிருப்பார். மீதியை நான் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் அணி தொடர்ந்து ஆறு வருஷம் அந்தக் கோப்பையை வாங்கியது. செயலாளர் நான். முதல் வருஷம் ஜெயித்தபோது உங்கள் நெடுங்குளத்துக்காரர்கள் எங்களுக்காக வெடி போட்டார்கள். இரண்டாம் வருஷம் கை கொடுத்தார்கள். மூன்றாம் வருஷம் மைக்கில் பேசுகிறவர் எங்கள் கோலை இழவுச் செய்தி மாதிரி அறிவித்தார். அதற்கப்புறம், எங்களை எதிர்த்து எவன் இறங்கினாலும் மைதானமே அவன் பக்கம். ஆவுடையார்கோவிலிலிருந்து வந்த பையன்கள் எங்களிடம் ஐந்து கோல் வாங்கித் தோற்றார்கள். அவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது கூட்டம். டீக்கடையில் எங்களுக்குப் பால் தீர்ந்துவிட்டது என்றார்கள், அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கிறது. நாங்கள் யாரையும் திட்டியதில்லை, தள்ளியதில்லை. ஜெயித்ததைத் தவிர ஒரு தப்பும் செய்யவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு தப்பு செய்தேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மாப்பிள்ளை பழக்கிய உங்கள் ஊர் அணியை ஆறுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்த அன்று மைக்கை வாங்கி, "நல்லா பிராக்டிஸ் எடுத்துட்டு வாங்க தம்பிகளா" என்றேன். சத்தியமாக நல்ல மனசோடுதான் சொன்னேன். அன்றோடு மாப்பிள்ளை எங்கள் வாசலை மிதிக்கவில்லை, உன்னையும் அனுப்பவில்லை. ஆறு கோலை மறந்தாலும் மறப்பார்கள், அந்தப் புத்திமதியை மறக்கமாட்டார்கள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. கடைசியில் பிரகதீஸ்வரிக்குக் காதுகுத்து, அவளை உட்கார வைக்க வேறு யார் மடியையோ பார்க்கிறார்கள் என்று காதில் விழுந்தது. தாய்மாமன் உயிரோடு இருக்கிறேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இந்த லட்சணத்தில், இந்த வருஷ அரையிறுதியில் திரும்பிப் பார்க்கிறேன், உன் அண்ணி எதிரணிக்குக் கை தட்டிக்கொண்டிருக்கிறாள்.

"ஏண்டி, நம்ம ஊரு இங்கிட்டு ஆடுது, நீ அங்கிட்டுத் தட்டுற?"

"ஒங்ககிட்டதான் கோப்பை இருக்குல்ல. கைதட்டும் ஒங்களுக்கேவா?" என்றாள்.

இறுதியில் எங்களுக்கு எதிரே நெடுங்குளம். எங்கள் கோல் கீப்பர் ஜஸ்டினைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரே ஒரு கோல் விட்டுக் குடுத்தா என்ன தம்பி? எனக்குக் குடும்பம் ஒண்ணு சேரும்" என்றேன். அவன் என்னைக் கேவலமாகப் பார்த்தான். "விட்டுக் குடுத்தா அதவிட அவமானம் அவங்களுக்கு ஏதுங்க? அவங்க ஜெயிக்கணும்னா என்னைத் தாண்டி அடிக்கட்டும்" என்றான். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக விசில் ஊதி ஆளை இறக்கிவிட்டவன், அன்றைக்கு நானே மைதானத்தைவிட்டு இறங்கிப் போனேன்.

அவர்கள் தாண்டித்தான் அடித்தார்கள். ஒன்றுக்கு ஒன்று என்று நின்ற ஆட்டத்தில் கடைசி நிமிஷம் பெனால்டி. ஜஸ்டின் சரியான பக்கம்தான் பாய்ந்தான். பந்து விரல் நுனியில் பட்டு உள்ளே போய்விட்டது. கூட்டம் பூராவும் மைதானத்துக்குள் ஓடிவந்தது. ஜஸ்டின் எழுந்திருக்கவே இல்லை, முகத்தைப் புல்லில் புதைத்து அழுதான். அப்போது நடந்ததைக் கேள். டீக்கடைக்காரர் தூக்குச்சட்டியோடு எங்களிடம் வந்து, "இன்னைக்குத்தாய்யா நீங்களும் மனுசப் பயலுகளாத் தெரியுறீங்க" என்று எல்லோருக்கும் டீ ஊற்றினார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாப்பிள்ளை வந்தார். கையில் மைக் இருந்தது. புத்திமதி சொல்லப்போகிறார், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று தலையைக் குனிந்தேன். அவர் மைக்கை அணைத்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"வலிக்குதா மச்சான்?"

"வலிக்குதுங்க மாப்பிள்ளை."

"எங்களுக்கு ஆறு வருசம் வலிச்சுச்சு" என்றார். பிறகு, "வர்ற ஞாயித்துக்கெழம வெள்ளன வந்துருங்க. புள்ள ஒங்க மடியிலதான் உக்காரும்" என்றார். அத்தனை பேருக்கு நடுவில் நான் அழுதுவிட்டேன், மீனம்மா. தோற்றதற்கு அழுகிறேன் என்று பக்கத்தில் நின்றவர்கள் ஆறுதல் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறோம். செயலாளர் பதவியை விட்டுவிட்டேன். ராஜினாமாக் கடிதம் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். யார் ஜெயித்தால் என்ன, உறவு இருந்தால் போதும். நீ தீர்க்காயுசாக, மஞ்சள் குங்குமத்தோடு, பிறந்த வீட்டுக்கு நினைத்தபோதெல்லாம் வந்துபோய் நன்றாக இரு.

உன் அன்பு அண்ணன்,
குழந்தைசாமி

பி.கு.: தபால் பெட்டிக்குப் போகும் வழியில் உங்கள் ஊர் டிராக்டரைப் பார்த்தேன். ஜெயித்து நாலு நாளாகிவிட்டது, இன்னும் கோப்பையை வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள். மாப்பிள்ளை மேலே நின்று என்னைப் பார்த்துச் சிரித்துக் கும்பிட்டார். அப்படி என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது? ஒரே ஒரு கோப்பைக்கு இவ்வளவு திமிரா? ராஜினாமாவை அங்கேயே கிழித்துப்போட்டேன். நாளைக் காலை ஐந்தரைக்குப் பிராக்டிஸ். காதுகுத்து முடியும்வரை மாப்பிள்ளையிடம் மூச்சு விடாதே.