ஸம்பத்குமாரின் சிவப்புக் கார்

"ஏன்னா, உங்க காருக்குள்ள எறும்பு போறது" என்று வைஜயந்தி சொன்னதும் ஸம்பத்குமாருக்குக் கையிலிருந்த காப்பி கசந்துவிட்டது.

சாதாரணக் காராக இருந்தால் எறும்பென்ன, யானையே போகட்டும் என்று விட்டிருப்பார். இது சோழவரம் பந்தயத்தில் ஓடிய ஸ்போர்ட்ஸ் கார். சீமையிலிருந்து கப்பலேறி வந்தது. திருவள்ளூரில் அப்பா விட்டுப்போன நிலத்தை விற்று, துளசிராமன் என்ற மெட்ராஸ் பந்தயக்காரரிடம் வாங்கியிருந்தார். ஓட்டுவதற்காக அல்ல. பழைய கார்களை இன்றைக்குப் பணக்காரர்கள் தேடிப்பிடித்து வாங்கவில்லையா? இதுவும் ஒருநாள் பழைய காராகும். அதுவரை ஒரு கீறல் படாமல் காப்பாற்றிவிட்டால் பேரன் காலத்தில் அரண்மனை வாங்கலாம்.

இந்த எளிய கணக்கு எவன் மண்டையிலும் ஏறவில்லை என்பதுதான் அவருடைய வயிற்றெரிச்சல். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் அவரோடு வேலை பார்த்த ஆசீர்வாதம், தன் வீட்டு ஸ்கூட்டர் பழசாகிப் பழசாகி அடிமாட்டு விலைக்கு வந்துவிட்டதே என்று கேட்டுச் சிரித்தான். ஸ்கூட்டரும் இதுவும் ஒன்றா? அந்த அற்பனோடு ஸம்பத்குமார் ஒரு மாதம் பேசவில்லை. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனார். வைஜயந்தியையும் காரில் உட்காரவிட்டதில்லை. ஸீட் அமுங்கிவிடுமாம்.

எறும்புக்கு வைஜயந்தி வைத்தியம் சொன்னாள். காரைச் சுற்றி மஞ்சள்பொடி தூவினார்கள். எறும்பு போயிற்று, பூச்சி வந்தது. பூச்சிக்காக நாலு பக்கமும் வேப்பிலைக் கொத்து செருகினார்கள். பூச்சி போயிற்று, மேலே மூடியிருந்த படுதாவை எலி கடித்தது. வைஜயந்தியின் பழைய சிவப்புப் புடவைகள் இரண்டை ஒட்டுப்போட்டு மூடிவிட்டு, அப்பாடா என்று உட்கார்ந்தார் ஸம்பத்குமார்.

அவருடைய வாடகை வீடு பொன்னேரியிலிருந்து பெரியபாளையம் போகும் சாலையோரத்தில் இருந்தது. கார் நின்றது வாசலில். மாதமோ ஆடி. மஞ்சள், வேப்பிலை, சிவப்புப் புடவை. வண்டி கட்டிக்கொண்டு பவானி அம்மனைப் பார்க்கப் போகிற ஜனங்களுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் காருக்குமேல் எலுமிச்சம்பழ மாலை. முன்னால் கூழ்ப்பானை. பழவேற்காட்டு மீன்காரி குப்பாயி, கால் கட்டிய சேவல் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

ஏழு தலைமுறையாகப் பெருமாளுக்குப் புளியோதரை செய்த வம்சம். அந்த வாசலில் சேவலா? ஸம்பத்குமாருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எல்லாரையும் விரட்டிவிட்டு, 'யாரும் தொடக்கூடாது' என்று பலகை எழுதி மாட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு மடங்கு கூட்டம். தொடக்கூடாது என்றால் எவ்வளவு துடியான தெய்வம் என்று பேச்சு பரவியிருந்தது. தலைக்குக் குளித்துவிட்டு வந்து, எட்டவே நின்று, காரின்மேல் மஞ்சள் தண்ணீரை வீசினார்கள்.

"பெயின்ட் போச்சு" என்று அலறாத குறையாக ஓடிய ஸம்பத்குமார், எல்லார் கண்ணெதிரிலும் புடவையை உருவி எறிந்தார். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், இது வெறும் கார் என்றார்.

செக்கச் செவேலென்ற முகம். வெயில் பட்டு ஜொலிக்கும் இரண்டு உருண்டை விளக்குகள். நடுவே வரிசைப் பல்லாக வெள்ளிக் கம்பிகள்.

"கண்ணு தொறந்துட்டாடி ஆத்தா" என்று குப்பாயி தரையில் விழுந்தாள்.

ஸம்பத்குமாருக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. இவ்வளவு நாள் ஓட்டாத விரதத்தையும் மறந்து, உள்ளே ஏறி எஞ்சினை முடுக்கினார். பந்தய எஞ்சின், சும்மா இருக்குமா? அது போட்ட உறுமலில் ஐந்தாறு பெண்களுக்கு ஒரே சமயத்தில் அருள் வந்தது.

மறுநாள் ஊர் கூடி முடிவெடுத்தது. அம்மனை இப்படி வெயிலில் வைத்தால் ஊருக்கு ஆகாது, வருகிற வெள்ளிக்கிழமை சுற்றிச் சுவரெழுப்பிக் கூரை போட்டுவிடுவது. ஸம்பத்குமார் கத்திப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார்.

"இன்னா ஐயரே, ஒன் ஊட்டாண்ட தானா வந்து குந்திக்கினு கீறா, தொரத்தறியே" என்று குப்பாயி அவரைத்தான் கோபித்துக்கொண்டாள். ஐயங்காரை ஐயர் என்றது வேறு எரிந்தது.

அப்பா நிலம், பேரன் அரண்மனை எல்லாம் சுவருக்குள் போகப் போகிறது. மிச்சமிருந்தது ஒரே வழி. வெள்ளிக்கிழமை விடியுமுன் மெட்ராஸுக்கு ஓடி, துளசிராமனைக் கையோடு அழைத்து வந்தார். இதைப் பந்தயத்தில் ஓட்டியவனே வந்து கார் என்று சொன்னால் நம்பித்தானே ஆகவேண்டும்?

செங்கல் வந்து இறங்கியிருந்தது. கூட்டம் வழிவிட்டது.

"எங்கிட்ட விக்கறச்சே சொன்னேளே, ஒரு கீறல் படாத கார்னு, அதை இவாகிட்டயும் அப்படியே சொல்லுங்கோ" என்றார் ஸம்பத்குமார்.

துளசிராமன் காரை ஒருமுறை சுற்றி வந்தார். வேப்பிலையைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார். பிறகு ஷூவைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, குப்பாயியின் பக்கம் திரும்பினார்.

"பந்தயத்துல இந்த வண்டி மூணு தரம் உருண்டு அப்பளமா நொறுங்கிப்போச்சும்மா, உள்ள இருந்த என் மேல ஒரு கீறல் இல்ல, அது ஏன்னு இன்னிக்குத்தான் தெரியுது."